மாரீஸ்வரியின் மண்ணீரலும் கம்பெனி கேட்டும்

நர்ஸு வேலையில ஊசி குத்துறது ரொம்பச் சுலபம். குத்தி முடிச்ச பிறகு சொந்தக்காரங்க நம்மளைக் குத்துற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லித் தப்பிக்கிறதுதான் பெரும்பாடு.

நான் இருக்கிறது விருதுநகர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரி, ஆபரேஷன் வார்டு. ஆஸ்பத்திரி பேரு வேண்டாம், என் பேரும் வேண்டாம். வார்டுல எனக்கு ‘வத்தல் சிஸ்டர்’னு ஒரு பேரு உண்டு. மூஞ்சிக்கு நேரா யாரும் சொல்றதில்லை. நான் அந்தப் பக்கம் திரும்புனதும் சொல்லுவாங்க. நானும் காது கேக்காத மாதிரிப் போயிருவேன். மிளகா வத்தல் மாதிரி வாய் காரம்தான், இல்லைன்னு சொல்லலை. இந்த வார்டுல சாதுவா இருந்தா ஆபரேஷன் முடிஞ்ச ஆளுக்கு அன்னைக்கே புரோட்டா வாங்கி ஊட்டிருவாங்க.

இதைப் படிக்கிற நீங்களும் ஒரு நாளாவது ஃபிளாஸ்க்கும் கையுமா, அந்தக் கதவு எப்பத் திறக்கும்னு வராண்டாவுல கால் கடுக்க நின்னவங்கதான். அதனால உங்ககிட்ட ஒளிக்க ஒண்ணுமில்லை. மண்ணீரலை எடுக்கணும்னு சொல்லிட்டாங்க, என்ன ஆகும் ஏது ஆகும்னு எங்கிட்ட விசாரிக்கிறவங்க உண்டு. டாக்டர் மாதிரி விளக்க எனக்கு வராது. மாரீஸ்வரிக்கு நடந்ததைச் சொல்றேன், கேட்டுக்கங்க.

சுவரொட்டி

மாரீஸ்வரிக்கு முப்பது வயசு இருக்கும். அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில சரம் பின்னுற வேலை. எங்கேயும் இடிக்காமலே கை காலெல்லாம் நீலம் நீலமா கன்னிப் போயிருந்துச்சு. பல்லு விளக்குனா ரத்தம். புருஷன் கருப்பசாமி லோடு ஆட்டோ ஓட்டுறவன், எறும்பை மிதிக்கக்கூட யோசிக்கிற ஆளு. பாவம், அந்த நீலத்தைப் பார்த்துட்டு ஊரே அவனைத்தான் முறைச்சிருக்கு. வார்டுக்கு வந்த அன்னைக்கு என் பங்குக்கு நானும் முறைச்சேன்.

டாக்டர் படம் போட்டு விளக்கினார். ரத்தம் ஒழுகாம அடைக்கிறதுக்குத் தட்டணுன்னு ஒண்ணு ரத்தத்துக்குள்ளேயே ஓடிக்கிட்டு இருக்கு. இடது பக்கம் விலாவுக்குக் கீழே இருக்கிற மண்ணீரல், இவ உடம்புல அந்தத் தட்டணுவையே எதிரின்னு நினைச்சுத் தின்னு தீர்க்குது. காவலுக்கு வளர்த்த நாய் வீட்டுக்காரனையே கடிச்ச கதை. மாத்திரை கொடுத்தா தட்டணு ஏறுது, கூடவே மூஞ்சியும் பூரி மாதிரி உப்புது. மாத்திரையைக் குறைச்சா தட்டணுவும் விழுந்துருது. இனிமே மண்ணீரலை எடுக்கிறதுதான் வழி, எடுத்தா முக்கால்வாசிப் பேருக்குச் சரியாகும், எல்லாருக்கும் ஆகும்னு சத்தியம் பண்ண மாட்டேன்னார்.

மாமியார் சீனியம்மா படத்தை உத்து உத்துப் பார்த்துச்சு. இந்தப் பக்கத்துல உடம்புல ரத்தம் கம்மின்னா கறிக்கடையில சொல்லி வச்சு ஆட்டுச் சுவரொட்டி வாங்கி, மிளகு தட்டிப் போட்டு வறுத்துக் கொடுப்பாங்க. சுவரொட்டிங்கிறது வேற ஒண்ணுமில்லை, ஆட்டோட மண்ணீரல்தான். அந்தம்மாவுக்குப் படம் புரிஞ்சு போச்சு. டாக்டரை விட்டுட்டு எம்பக்கம் திரும்புச்சு. “இவளுக்கு ரத்தம் ஊறணும்னு வாரம் தவறாம சுவரொட்டி வாங்கிப் போட்டேனே தாயி, இப்ப இவ சுவரொட்டிதான் இவ ரத்தத்தைக் குடிக்குதுன்னா, நான் இம்புட்டு நாளா யாருக்கு ஆக்கிப் போட்டேன்?”

ஆர்டர் நேரம்

மண்ணீரலுக்கு இன்னொரு வேலையும் இருக்கு. சில கிருமிகளை வடிகட்டிக் கொல்றது அதுதான். அதை எடுத்துட்டா அந்தக் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அதனால ஆபரேஷனுக்கு முன்னாடியே தடுப்பூசிகளைப் போட்டுரணும். போட்ட அன்னைக்கே அறுக்கவும் முடியாது. ஊசி உடம்புல பிடிக்க ரெண்டு வாரமாவது விடணும். அதுவரைக்கும் வீட்டுல பத்திரமா இருக்கணும், தலையில கிலையில இடிச்சுக்கக் கூடாது. இதையெல்லாம் நான் தொண்டை வறளச் சொன்னேன். அவ தலையை ஆட்டுன ஆட்டைப் பார்த்து நானும் நம்பிட்டேன்.

தீபாவளி சீசன். கம்பெனியில வடக்கத்தி ஆர்டர் குவிஞ்சு கிடக்கு. ரெண்டு வாரம் பத்திரமா இருன்னு சொன்னா வீட்டுல படுப்பாளா? ஊசி போட்ட கையோட சரம் பின்னப் போயிட்டா. போர்மேன் அண்ணாச்சிக்கு விஷயமே தெரியாது. ஒரு நாள் மத்தியானம் இவ பின்னிக்கிட்டிருந்த சரத்து மேல சொட்டுச் சொட்டா ரத்தம் விழுந்திருக்கு. மூக்கு. நிக்கலை. துண்டை வச்சு அமுக்கியும் நிக்கலை. அண்ணாச்சி பதறிப்போய்க் கம்பெனி வண்டியில போட்டுத் தானே கொண்டு வந்து சேர்த்தார். டாக்டர் மூக்குல பஞ்சை அடைச்சு, ஊசி மருந்து ஏத்தி, வார்டுலயே படுக்க வச்சுட்டார். ஆபரேஷன் வரைக்கும் வீட்டுப் பக்கமே போகக் கூடாதுன்னுட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. “ஏட்டி, இந்த ரத்தம் மூக்குல வந்ததால தப்பிச்ச. தலைக்குள்ள கசிஞ்சிருந்தா இந்நேரம் உன் புருஷன் பந்தல்காரனைத் தேடிக்கிட்டு இருப்பான். வேலைக்குப் போகாதன்னு எத்தனை தடவை சொன்னேன்?”னு கத்துனேன். அவ பஞ்சு அடைச்ச மூக்கோட, கட்டைக் குரல்ல, ரொம்ப நியாயமா பதில் சொன்னா. “மூக்குலதான சிஸ்டர் ரத்தம் வந்துச்சு, கையி ரெண்டும் சும்மாதான இருந்துச்சு?”

கழற்றி வைப்பது

ஆபரேஷன் அன்னைக்குக் காலையில எங்க வார்டுல வழக்கமா ஒரு பஞ்சாயத்து நடக்கும். ரத்தக்குழாயைக் கரண்டு சூட்டுல அடைக்கிற கருவி ஒண்ணு உள்ளே வச்சிருக்காங்க. உடம்புல தங்கம், வெள்ளி எது இருந்தாலும் அந்த இடம் பொசுங்கிரும். தோட்டைக் கழத்துன்னா கழத்துவாங்க. மூக்குத்தி வரமாட்டேங்குதும்பாங்க. தாலின்னு சொன்னதும் அழுகை, மாமியார் வருவாங்க, நாத்தனார் வருவாங்க, சாமி வரும்.

மாரீஸ்வரி பச்சைத் தண்ணி பல்லுல படாம உக்காந்திருந்தா. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள தோடு, மூக்குத்தி, கொலுசு, மெட்டி எல்லாம் துண்டு மேல வரிசையா இருந்துச்சு. கழுத்துல வெறும் மஞ்சக் கயிறு. கூந்தலை அவிழ்த்து உதறி ஊக்கு இல்லைன்னு காமிச்சா. ரெண்டு கையையும் விரிச்சுக் காமிச்சா. எனக்கு ஆச்சரியம். அப்புறம்தான் சொன்னா, தினமும் காலையில கம்பெனி கேட்ல இதே கூத்துதானாம். இரும்பு ஒரசுனா பொறி பறக்கும்னு ஒண்ணும் உள்ள விட மாட்டாங்க. போர்மேன் அண்ணாச்சி வரிசையா நிக்க வச்சு, “ஊக்கு இருக்கா, செல்லு இருக்கா, தீப்பெட்டி இருக்கா?”ன்னு ஒரே ராகத்துல கேப்பாராம். வேலை நாள்ல கழுத்துல மஞ்சக் கயிறு மட்டும்தான்.

அதுவரைக்கும் தைரியமாத்தான் பேசிக்கிட்டிருந்தா. தள்ளுவண்டியில ஏத்திப் படுக்க வச்சதும் என் மணிக்கட்டைப் பிடிச்சா பாருங்க, ஐஸா இருந்துச்சு விரலு. “கம்பெனியில சாயங்காலம் வெளிய வரும்போது கழத்துனதையெல்லாம் திருப்பி வாங்கிப் போட்டுக்குவோம். இங்கனயும் அப்படித்தான சிஸ்டர்?”

நான் ஓடின ஓட்டம்

தட்டணு கம்மியா இருக்கிறவங்களுக்கு அதைப் பையில வாங்கித் தயாரா வச்சிருப்போம். ஆனா முன்கூட்டியே ஏத்துறதில்லை. மண்ணீரலுக்குப் போற ரத்தக்குழாயைக் கட்டுறதுக்கு முன்னாடி ஏத்துனா, அதையும் அந்த மண்ணீரலே தின்னு ஏப்பம் விட்டுரும். கட்டியாச்சுன்னு தியேட்டர்ல இருந்து சொன்ன பிறகுதான் பை உள்ளே போகணும்.

வயித்துல சின்னச் சின்ன ஓட்டை போட்டு, கேமரா விட்டுச் செய்யிற ஆபரேஷன். ஓட்டை வழியா முடியாம ரத்தம் மிஞ்சுனா வயித்தைப் பெருசாத் திறக்க வேண்டி வரும்னு டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தார். சொன்ன நேரம் தாண்டியும் கதவு திறக்கலை. கூட ஒரு குட்டி மண்ணீரல் ஒளிஞ்சிருந்தா அதுவும் வளர்ந்து பழைய வேலையைக் காட்டும்னு உள்ளே தேடிக்கிட்டிருந்தாங்களாம். அந்த நேரத்துல தியேட்டர்ல இருந்து போன். “குழாயைக் கட்டியாச்சு, ஆனா ரத்தம் கசியுது, பையை எடுத்துட்டு உடனே வாங்க.” நான் ரெண்டு பையையும் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வராண்டாவுல ஓடுனேன்.

ஓடுனது தப்பாப் போச்சு. மாரீஸ்வரியோட வேலை பார்க்கிற பொம்பளைக ஒரு கூட்டம் வராண்டாவுல உக்காந்திருந்துச்சு. நான் ஓடுறதைப் பார்த்ததும் அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு வாசல் பக்கம் ஓடுனாங்க. செருப்பு கிடக்கு, ஃபிளாஸ்க்கு உருளுது, சீனியம்மா எல்லாருக்கும் முன்னாடி ரோட்டுல நிக்குது. பட்டாசு ஊர்ல ஒருத்தர் ஓடுனா எங்கேயோ பத்திக்கிச்சுன்னு அர்த்தம். கருப்பசாமி மட்டும் வெளியே போகலை. தியேட்டர் கதவுகிட்ட என் பின்னாடியே வந்து நின்னான். பையைக் கொடுத்துட்டு நான் திரும்புறப்ப அவன் உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டிக்கிட்டு இருந்துச்சு. “எல்லாரும் வெளிய ஓடுறாக, எனக்கு மட்டும் உள்ள ஓடணும் போல இருக்கு சிஸ்டர். உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன், இனிமே எம்புட்டு அவசரம்னாலும் நடந்தே ஓடுங்க.”

தட்டில் வந்தது

பை ஏறுனதும் கசிவு நின்னுச்சு. வயித்தைத் திறக்க வேண்டிய அவசியம் வரலை. டாக்டர் ஒரு தட்டுல அந்த மண்ணீரலைக் கொண்டு வந்து வீட்டுக்காரங்ககிட்டக் காமிச்சார். கைக்குள்ள அடங்குற அளவுதான். அது பரிசோதனைக்குப் போகணும். சீனியம்மா அதை எட்டிப் பார்த்துட்டு, ரொம்ப நாள் பகையாளியைப் பார்த்த மாதிரி முந்தானையை உதறிக்கிட்டு நகர்ந்திருச்சு.

மறுநாள் மாரீஸ்வரியை எந்திரிச்சு நடக்க வச்சேன். நடக்காம படுத்தே கிடந்தா ரத்தம் கால்ல உறைஞ்சு போகும். அதுவும் மண்ணீரலை எடுத்த பிறகு தட்டணு கிடுகிடுன்னு ஏறும், அப்ப உறையிற பயம் இன்னும் ஜாஸ்தி. மூச்சை உள்ளே இழுத்தா பந்து மேல ஏறுற ஒரு பிளாஸ்டிக் கருவி இருக்கு, அதை ஊதச் சொல்லாதீங்க, உறிஞ்சச் சொல்லுங்க. வலிக்குதுன்னு மூச்சைப் பாதியிலயே நிறுத்துனா நுரையீரல்ல சளி கட்டிக் காய்ச்சல் வரும். இருமும்போது வயித்துல தலையணையை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டா தையல் அம்புட்டா சுண்டி இழுக்காது. இதெல்லாம் நான் மிரட்டி மிரட்டிச் செய்ய வச்சேன். அவளுக்கு வயித்தைவிட இடது தோள்பட்டைதான் விண்ணு விண்ணுன்னு வலிச்சுச்சு. ஆபரேஷனுக்காக வயித்துக்குள்ள காத்து அடைப்பாங்க, அது போற வரைக்கும் அந்த வலி தோள்ல போய் உக்காந்துக்கும், ரெண்டொரு நாள்ல போயிரும்னு சொன்னேன். அவ ஒத்துக்கிட்ட மாதிரியே தெரியலை. “வயித்துல ஒண்ணை எடுத்துட்டுத் தோள்ல ஒண்ணைக் குடுத்திருக்கீக. இதென்ன சிஸ்டர், ஆடித் தள்ளுபடியா?”

வளையல்

தட்டணு நல்லா ஏறிருச்சு. நீலமெல்லாம் மறைஞ்சிருச்சு. வீட்டுக்கு அனுப்புற அன்னைக்கு மூணு பேரையும் உக்கார வச்சு நான் பாடம் நடத்துனேன். தண்ணிக் குடம் தூக்கக் கூடாது, டாக்டர் சொல்ற வரைக்கும். இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் ஒண்ணே ஒண்ணுதான், காய்ச்சல். மண்ணீரல் இல்லாத உடம்புக்கு வர்ற காய்ச்சலை நாளைக்குப் பார்ப்போம்னு விடக் கூடாது. காலையில லேசா குளிரும், சாயங்காலம் ஆளையே கொண்டு போயிரும். கையில கொடுத்திருக்கிற மாத்திரையை உடனே போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துரணும். நாய் கடிச்சாலும், பூனை கடிச்சாலும் வரணும். பல்லு பிடுங்கப் போனாலும் அங்கே சொல்லணும். இது ஒரு மாசத்துக்கு இல்லை, ஆயுசுக்கும். நினைவு தப்பிக் கிடந்தாலும் பார்க்கிறவங்களுக்குத் தெரியணும்னு, விஷயத்தை எழுதுன ஒரு எஃகு வளையலைக் கையில போட்டுக்கச் சொன்னார் டாக்டர். கருப்பசாமி மறுவாரமே செஞ்சு வாங்கிட்டு வந்துட்டான்.

சில மாசம் கழிச்சுப் பரிசோதனைக்கு வந்தா. கை மொட்டையா இருக்கு. “வளையல் எங்கேட்டி?”ன்னேன். பையிலங்கிறா. பை எங்கேன்னா, வேலை நேரத்துல கேட்லங்கிறா. மாத்திரை? அதுவும் பையில. எனக்கு உச்சந்தலையில சுர்ருன்னு ஏறிருச்சு. உசிரைக் கேட்ல குடுத்துட்டு உள்ளே போய் என்னத்தைப் பின்னுறன்னு கேட்டேன். வழக்கமா நான் கத்துனா தலையைக் குனிஞ்சுக்குவா. அன்னைக்குக் குனியலை. நேராப் பார்த்துச் சொன்னா. “எனக்கு ஒண்ணுன்னா நான் ஒருத்தி சிஸ்டர். வளையல் எங்கனயாச்சும் ஒரசுனா அந்த ரூம்ல இருக்கிற அம்புட்டுப் பேரும்.”

பச்சை

வேற என்ன செய்யலாம்னு டாக்டர்கிட்டக் கேட்டுச் சொல்றேன்னு அவளை அனுப்பி வச்சேன்.

அதுக்குள்ள வழியை அவளே கண்டுபிடிச்சா. கோயில் திருவிழாவுல மிஷின் வச்சுப் பச்சை குத்துறவன் கடை போட்டிருக்கான். எல்லாரும் புருஷன் பேரு, பிள்ளை பேரு, சாமி வேல்னு குத்திக்கிட்டு நிக்க, இவ முழங்கைக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு, ‘மண்ணீரல் எடுத்தாச்சு. காய்ச்சல்னா உடனே ஊசி’ன்னு குத்திக்கிட்டு வந்து நிக்கிறா. குத்துன இடம் செக்கச் செவேல்னு வீங்கி இருக்கு. அடிப்பாவி! கிருமி கிட்ட வரக் கூடாத உடம்பு. ஊரெல்லாம் குத்துன ஊசியை வாங்கி அந்த உடம்புல குத்திக்கிட்டு வந்திருக்கா. டாக்டர் தலையில கை வச்சு உக்காந்துட்டார். ரத்தம் எடுத்து அனுப்பி, ஆறுற வரைக்கும் மாத்திரை கொடுத்து, தினமும் வந்து காமிக்கச் சொன்னார். எனக்கு மட்டும் அந்தப் பச்சை குத்துறவன் கையில கிடைச்சிருந்தா அவன் மிஷினாலேயே அவன் நெத்தியில ‘மடையன்’னு குத்தி விட்டிருப்பேன். திட்டித் திட்டி எனக்கே மூச்சு வாங்குச்சு. அவ கையை ஆட்டி ஆட்டி அழகு பார்த்துக்கிட்டே சொன்னா. “இதைக் கழத்தி வையின்னு எந்தப் போர்மேனும் சொல்ல முடியாதுல சிஸ்டர்?”

சூடு

வீக்கம் வத்திருச்சு. எழுத்து நல்லாப் பதிஞ்சிருச்சு. மறுபடியும் சீசன் வந்துச்சு.

ஒரு நாள் காலையில வேலையில உக்காந்தவளுக்கு முதுகு சில்லுன்னு இருந்திருக்கு. பின்னிக்கிட்டிருந்த சரத்தை முடிச்சுட்டுச் சொல்லிக்கலாம்னு இருந்துட்டா. முடிக்கிறதுக்குள்ள பல்லு தந்தியடிக்க ஆரம்பிச்சிருச்சு. பக்கத்துல இருந்த பொம்பளைகளுக்கு இது என்னன்னு சந்தேகமே வரலை. வெடிமருந்துப் பக்கம் வேலை பார்க்கிறவங்களுக்கு உடம்பு சரியில்லைன்னா ‘கந்தகச் சூடு ஏறிருச்சு’ன்னு ஒரே முடிவுதான். வேப்பமரத்தடியில படுக்க வச்சு, உச்சியில விளக்கெண்ணெய் வச்சுத் தேய்ச்சு, மோர்ல சின்ன வெங்காயம் தட்டிப் போட்டுக் குடுத்திருக்காங்க. குளிருதுங்கிறாளேன்னு கம்பெனி முழுக்கைச் சட்டையை மாட்டி, மேல சாக்கையும் போத்திட்டாங்க. பாசத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை. ஆனா கையில எழுதியிருந்த எழுத்து சட்டைக்குள்ள போயிருச்சு. மாத்திரை கேட்ல இருந்துச்சு. மத்தியானத்துக்கு மேல அவ சம்பந்தம் இல்லாமப் பேச ஆரம்பிச்ச பிறகுதான் அண்ணாச்சிக்குப் பயம் வந்து, பக்கத்துல இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருக்கார். அங்கேயும் அதே சூட்டுக் கதைதான் சொல்லியிருக்காங்க. டாக்டர் சின்னப் பையன், ஊருக்குப் புதுசு. வெயில்ல சுருண்டுட்டா போலன்னு குளுக்கோஸ் ஏத்தச் சொல்லியிருக்கார்.

எங்க வாசலுக்கு ஆம்புலன்ஸ் வந்தப்ப நான்தான் கதவைத் திறந்தேன். உதடெல்லாம் வெளுத்து, விரல் நுனியெல்லாம் கறுத்து, நாடி கைக்குச் சிக்கவே மாட்டேங்குது. ஆனா அவ கையில சலைன் ஓடிக்கிட்டிருக்கு, கிருமி மருந்து முதல் ஊசி ஏற்கெனவே போட்டாச்சுன்னு சீட்டுல எழுதியிருக்கு. யாரு போட்டது, எப்படித் தெரிஞ்சுச்சுன்னு கூட வந்த அந்த ஆஸ்பத்திரி நர்ஸுகிட்டக் கேட்டேன். இருபது வயசு தாண்டியிருக்காது. “குளுக்கோஸ் ஏத்த நரம்பு தேடிச் சட்டைக் கையை மடக்குனேன் சிஸ்டர், அங்கன என்ன செய்யணும்னே எழுதியிருந்துச்சு.”

மறுபடியும் கேட்டு

அதுக்கப்புறம் நடந்த நாளுகளை நான் சிரிச்சுக்கிட்டுச் சொல்ல முடியாது. பிரஷர் ஏறும், இறங்கும். கருப்பசாமி வராண்டாவுல அசையாம நின்னான். சீனியம்மா எங்கிட்ட ஒரு கேள்விகூடக் கேக்கலை. அதுதான் எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு. காய்ச்சல் பச்சை குத்துனதுல வந்ததா, தொண்டையில வந்ததான்னு டாக்டராலயும் உறுதியாச் சொல்ல முடியலை. பச்சை ஆறி ரொம்ப நாளாச்சு, அதைக் குத்தம் சொல்ல முடியாதுன்னார். ஊசி இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப் போயிருந்தா தான் கையெழுத்துப் போட வேண்டியது இறப்புச் சீட்டுலன்னும் சொன்னார். ஒரு நாள் காலையில நான் பிரஷர் பார்க்கப் போனப்ப மாரீஸ்வரி கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டுக்கிட்டா. நான் திட்ட வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்துச்சு. அவ மெதுவா மத்தக் கையைத் தூக்கிக் காமிச்சா. “இந்தக் கை காலியாத்தான் கிடக்கு சிஸ்டர், உங்க போன் நம்பரைக் குத்திக்கிறட்டா?”

போர்மேன் அண்ணாச்சி வார்டுக்கு வந்து, டாக்டர் சொன்னதையெல்லாம் கையைக் கட்டிக்கிட்டுக் கேட்டுட்டுப் போனார். இவரு என்னத்தைக் கேட்டாரோன்னு நான் நினைச்சேன். அப்புறம் ஒரு கல்யாணத்துக்காகக் காலையில அச்சங்குளம் பக்கம் போக வேண்டி வந்துச்சு. கம்பெனி வழியாத்தான் பாதை. கேட்ல பொம்பளைக வரிசையா நிக்கிறாங்க. நடுவுல மாரீஸ்வரி, கழுத்துல மஞ்சக் கயிறு, கையில பச்சை. அவ மாத்திரை இப்ப உள்ளேயே, அண்ணாச்சி ரூம் அலமாரியிலதான் இருக்காம். வண்டியை ஓரமா நிறுத்தச் சொல்லிக் காதைக் கொடுத்தேன். அண்ணாச்சி ஒவ்வொருத்தரா நிறுத்தி, அதே பழைய ராகத்துல கேட்டுக்கிட்டே வர்றார். மாரீஸ்வரிக்கு மட்டுமில்லை, அத்தனை பேருக்கும் அதே கேள்விதான். “ஊக்கு இருக்கா, செல்லு இருக்கா, தீப்பெட்டி இருக்கா, காய்ச்சல் இருக்கா?”

நாங்க அறுத்து எடுத்தது ஒரு கைப்பிடிச் சதைதான். ஆனா அது சத்தமில்லாம பார்த்த வேலையை இப்ப ஒரு புருஷன், ஒரு மாமியார், ஒரு போர்மேன், ஒரு பச்சை குத்துறவன், ஒரு வாயாடி நர்ஸுன்னு இத்தனை பேரும் சேர்ந்து சத்தம் போட்டுத்தான் பார்க்க வேண்டியிருக்கு.